வயதைக் கேட்கும் முன் வேலையைக் கேளுங்கள்: வட சென்னைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி, வியாசர்பாடி, பெரம்பூர், அயனாவரம் பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும், ஓய்வூதியர் சங்கங்களுக்கும், மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும், தெருவில் பந்தல் போட்டு முதியோருக்குக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தரும் இளைஞர் மன்றங்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் செய்வது பெரிய வேலை. அலுவலகப் படி ஏற முடியாத பெரியவர்களுக்குத் தெருவிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து அட்டை வாங்கித் தருகிறீர்கள். அந்த வேலை வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல். முகாம் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி இன்று "எழுபது முடிஞ்சிடுச்சா?" என்பதாக இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வேண்டும். "நீங்களோ உங்க வீட்டுக்காரரோ எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். ரயில்வேயா, துறைமுகமா, மின்வாரியமா, சுங்க இலாகாவா, பட்டாளமா, மணலி ஆலையா, கடல் தொழிலா, சித்தாள் வேலையா என்பதை வைத்துத்தான் எந்தத் திட்டம் அவருக்கு ஏற்றது என்று சொல்ல முடியும். வட சென்னையில் ஒரே தெருவில் இந்த எல்லா வகையினரும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே அட்டையில் பதிந்தால் சிலருக்கு லாபம், சிலருக்குப் பயனில்லை, சிலருக்கு நஷ்டம்.

நஷ்டப்படக்கூடியவர்களிடமிருந்து தொடங்குகிறோம். 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு, காத்திருப்புக் காலம் கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ்., மத்திய ஆயுதக் காவல் படையினருக்கான ஆயுஷ்மான் திட்டம் ஆகியவற்றில் இருப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. பழையதா புதியதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வாய்ப்பும் ஒரே முறைதான் தரப்படுகிறது.

ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் ஓய்வு பெற்று சி.ஜி.எச்.எஸ். அட்டை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வின்போது சம்பள நிலையைப் பொறுத்து மாதம் 250 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரையிலான சந்தாவைப் பத்தாண்டுக்குச் சேர்த்து, அதாவது 30,000 முதல் 1,20,000 ரூபாய் வரை, ஒரே தவணையாகக் கட்டி ஆயுள் அட்டை வாங்கியிருப்பார். அதில் வெளிநோயாளி மருத்துவமும் மாத்திரையும் உண்டு. 70 வயதானவர் சி.ஜி.எச்.எஸ். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையின் நிபுணரை நேராகப் பார்க்கலாம். இந்த வரம்பு முன்பு 75-ஆக இருந்து 2024-இல்தான் 70-ஆகக் குறைக்கப்பட்டது. ஆக, புதிய அட்டைக்கு அவர் தகுதி பெறும் அதே வயதில் அவருடைய பழைய அட்டையின் மதிப்பும் கூடுகிறது. புதிய அட்டையில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். அவருடைய மனைவிக்கு 64 வயது என்றால் புதிய அட்டையில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை, சி.ஜி.எச்.எஸ்.-இலோ அவர் கணவரைச் சார்ந்தவராக இருக்கிறார். இப்படிப்பட்டவரை அவசரத்தில் புதிய திட்டத்துக்கு மாற்றிவிடாதீர்கள். மாறுவது சரியாக இருக்கக்கூடிய சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். அட்டைதாரர் மிகமிக அரிது என்பது எங்கள் உறுதியான கருத்து. "எதுக்கும் இதையும் போட்டு வைப்போம்" என்ற எண்ணம்தான் இங்கே ஆபத்து.

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் முகாம் போடுகிறவர்களுக்கு ரயில்வே ஓய்வூதியர்கள் நிறைய வருவார்கள். கேரேஜ், லோகோ பணிமனைகள், ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும், ஓய்வு பெற்ற ஊழியருக்கான ரயில்வே மருத்துவத் திட்டத்தில் அவர் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். 'உமீத்' மருத்துவ அட்டை இருக்கிறதா என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். சேர்ந்திருந்தால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை, தேவைப்பட்டால் வெளி மருத்துவமனைக்குப் பரிந்துரை எல்லாம் அதிலேயே அடங்கும். துறைமுக ஓய்வூதியர்களுக்கும் துறைமுகத்தின் தனி மருத்துவ ஏற்பாடு இருக்கிறது. இவர்களிடம் புதிய அட்டை பற்றிப் பேசும் முன், அதை எடுத்தால் இருப்பது தொடருமா என்று அவரவர் துறையில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். வாய்மொழியாக யாரோ சொன்னதை வைத்து எதையும் விடச் சொல்லாதீர்கள்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களிடம் இன்னும் பொறுமையாகக் கேளுங்கள். கணவர் போன பிறகு மருத்துவ அட்டையும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநில அரசின் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 'புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' என்ற பெயரில் ஒரு தனித் திட்டம் உண்டு. ஓய்வூதியத்தில் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று சீட்டைப் பார்த்தாலே தெரியும். 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான காலத்துக்கு அந்தப் பிடித்தம் மாதம் 497 ரூபாய். அதன் பிறகான பிடித்தத்தையும் வரம்பையும் அப்போதைய அரசாணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பணம் மாதாமாதம் போகிறது, அந்த அம்மாவோ கைக்காசு கொடுத்து அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார் என்றால் அதைவிட வருத்தமானது எதுவும் இல்லை.

இந்த மாநில ஓய்வூதியர் திட்டத்தில் ஒரு விஷயத்தை நீங்களே நன்றாகப் புரிந்துகொண்டு பிறருக்கும் சொல்ல வேண்டும். 2022-2026 காலத்துக்கான அதன் 5 லட்சம் வரம்பு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு மட்டும் அந்த நான்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டிலும், வய வந்தனா எனும் 70 வயது அட்டையிலும் உள்ள 5 லட்சம் ஒவ்வோர் ஆண்டுக்கும். தொகை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று முகாம்களில் சொல்லப்படுகிறது. முதல் ஆண்டிலேயே இதய அறுவை சிகிச்சைக்கு மூன்றரை லட்சம் போய்விட்டால், 5 லட்சம் வரம்பில் மீதி மூன்று ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான் மிஞ்சும். ஆகவே 70 வயது கடந்த மாநில ஓய்வூதியருக்குக் கூடுதல் அட்டை கிடைக்குமானால் அது உண்மையிலேயே உதவும். இருப்பதை விடாமல் அதைப் பெற முடியுமா என்பதை ஆயுஷ்மான் திட்ட உதவி எண்ணான 14555-இல் கேட்டு, பதிலையும் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு அதன் பிறகு பதியுங்கள்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது, அதைத் தட்டுகிறவர்கள் குறைவு. ஓய்வு வயதில் வேலையை விட்டவர், குறைந்தது ஐந்தாண்டு தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.-இல் இருந்திருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி தமக்கும் தம் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். மாதத்துக்குப் பத்து ரூபாய். டிஸ்பென்சரியில் மாத்திரை உண்டு, அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. தேவை: இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், ஓய்வு பெற்றதற்கான நிறுவனச் சான்று, கணவன் மனைவி ஆதார். சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஆலை மூடிப்போயிருந்தால் சான்று தர ஆள் இருக்காது, அப்போது பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். ஆவணம் எதுவானாலும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் காப்பீட்டு எண்ணை வைத்துப் பதிவேட்டைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, 120 ரூபாயை ஆண்டுதோறும் கட்ட வேண்டும், மறந்தால் பாதுகாப்பு நின்றுவிடும். சங்கத்து நோட்டில் அவரவர் கெடு தேதியை எழுதி, ஒரு மாதம் முன்னால் நினைவுபடுத்தினால் போதும். இ.எஸ்.ஐ. இருப்பவர் 70 வயது அட்டையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், எதையும் விட வேண்டியதில்லை. தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கும் அப்படியே. இலவச அட்டை வந்துவிட்டதே என்று பல ஆண்டு பிரீமியம் கட்டிய பாலிசியை நிறுத்திவிட்டால், பிறகு புதிதாக எடுக்கும்போது பழைய நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரும்.

ஓய்வூதியமும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்பவர்கள்தான் நம் பகுதியில் அதிகம். கடலுக்குப் போனவர், மீன் விற்றவர், மூட்டை தூக்கியவர், வீட்டு வேலை செய்தவர். இவர்களுக்கு முதல் வாசல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, அதில் பெயருள்ள எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு ராஜாஜி சாலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். கிளம்பும் முன் ஒன்றைப் பாருங்கள். 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டு அட்டையோ 2012-இல் வந்த அட்டையோ பல வீடுகளில் பீரோவில் இருக்கும். அதற்குப் பிறகு ரேஷன் அட்டையே ஸ்மார்ட் அட்டையாக மாறிவிட்டது, பிள்ளைகள் தனி அட்டை வாங்கிப் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைத் திட்டத்தின் இணையதளத்திலோ 1800 425 3993 என்ற இலவச எண்ணிலோ சரிபார்த்தால், பாதிப் பேர் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டியிருக்காது.

இந்தத் திட்டத்தில் முதியவர்கள் விடுபடுவதற்குப் பெரிய காரணம் ரேஷன் அட்டைதான். குடும்பம் யார் என்பதை அந்த அட்டை காட்டுகிறது. தாயின் பெயர் மகன் அட்டையில் இருந்து, மகன் கம்பெனியில் மாதம் 18,000 வாங்கினால் ஆண்டுக்கு 2,16,000 ஆகிவிடும், தாய்க்கும் சேர்த்துத் தகுதி போய்விடும். தாய் உண்மையில் தனியாகச் சமைத்துத் தனியாக வாழ்கிறார் என்றால் அவருக்குத் தனிக் குடும்ப அட்டை கேட்க உரிமை உண்டு, அதற்கு உதவுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களைக் காகிதத்தில் பிரிக்காதீர்கள், விசாரணையில் அது நிற்காது. இன்னும் சில முதியவர்களின் பெயர் எந்த அட்டையிலுமே இருக்காது. மூத்த மகன் வீட்டிலிருந்து நீக்கியிருப்பார்கள், இளைய மகள் வீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். இவர்களுக்குக் காப்பீட்டு விண்ணப்பத்தை விட முதலில் வேண்டியது பெயர் சேர்ப்பு.

60-லிருந்து 69 வரை உள்ளவர்களைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 70 வயது அட்டை அவர்களுக்குக் கிடையாது. வருமானம் 1,20,000-ஐத் தாண்டினால் முதலமைச்சர் திட்டமும் இல்லை. முகாமுக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இவர்கள்தான். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் அடிப்படையில் அந்தக் குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆயுஷ்மான் செயலியில் தேடிப் பாருங்கள், சில பெயர்கள் கிடைக்கலாம். அப்படிப் பட்டியலில் உள்ள குடும்பத்தில் 70 தாண்டியவர் இருந்தால், குடும்பத்தின் 5 லட்சம் போக, 70 வயதுக்குட்பட்ட மற்றவர்கள் தொட முடியாதபடி அவருக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. கணவன் மனைவி இருவருமே 70 தாண்டியவர்கள் என்றால் அந்தத் தொகை இருவருக்கும் பொது. "ஆளுக்கு 5 லட்சம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது தவறு, தயவுசெய்து திருத்துங்கள்.

பதிவு செய்யும்போது எங்கே தடுக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். 70 வயது அட்டைக்கு வயதுச் சான்று ஆதார் மட்டும்தான். நம் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த நாள் தோராயமாக ஜனவரி 1 என்று போடப்பட்டிருக்கும். 73 வயதுக்காரர் ஆதாரில் 67 ஆக இருப்பார். பிறந்த தேதியைத் திருத்தப் பொதுவாக ஒரு முறைதான் அனுமதி, சான்றும் வேண்டும். எனவே கையில் கிடைத்ததை வைத்து முகாமிலேயே அவசரமாகத் திருத்த வேண்டாம், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், ஓய்வூதியப் புத்தகம் என்று உறுதியான காகிதம் எது இருக்கிறது என்று தேடிவிட்டுச் செய்யுங்கள். அடுத்தது செல்போன். ஆதாரோடு இணைந்த எண் என்றோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும், ஓ.டி.பி. வராது. வலை பின்னிய கையிலும் பாத்திரம் தேய்த்த கையிலும் ரேகை எந்திரத்தில் விழாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருவிழி அல்லது முகப் பதிவு முறை இருக்கிறது, அதை முதலிலேயே தேர்ந்தெடுத்தால் வெயிலில் அவர்களைப் பத்து முறை விரலை அழுத்தவைக்க வேண்டியதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆதாரில் செல்போன் எண் மாற்ற அஞ்சல் துறை வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே வருவார், அருகிலுள்ள தபால் நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்யலாம். பெயர்ப் பொருத்தமும் முக்கியம். ரேஷன் அட்டையில் இனிஷியல், ஆதாரில் தகப்பனார் முழுப் பெயர், வங்கியில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் மருத்துவமனை மேசையில் நிறுத்திவிடுவார்கள். நெஞ்சு வலியோடு போகிற நேரத்தில் அதைச் சரிசெய்ய முடியாது.

அட்டை கையில் இருப்பது வேறு, குறிப்பிட்ட மருத்துவமனையில் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அந்த அட்டை செல்லுபடியாவது வேறு. ஒரு மருத்துவமனை கண் சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கலாம், எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. ஆகவே உங்கள் பகுதியிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய நான்கைந்து மருத்துவமனைகளின் காப்பீட்டு மேசைக்கு நேரில் போய், எந்த அட்டைக்கு எந்தத் துறை என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கேளுங்கள், பட்டியல் மாறும்.

குடும்பத்தாருக்கு ஒரே ஒரு விஷயத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்: சேர்க்கும்போதே அட்டையைக் காட்ட வேண்டும். முன்பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அட்டையை நீட்டினால் சிக்கல்தான், ஏனென்றால் திட்டமிட்ட சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கிய பிறகுதான் பணம் ஒதுக்கப்படும். பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்ந்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை தனியே பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள், ரசீது தர மறுத்தால் அப்போதே, நோயாளி அங்கே இருக்கும்போதே, முதலமைச்சர் திட்டம் என்றால் 1800 425 3993, மத்திய அட்டை என்றால் 14555 எண்ணில் புகார் பதியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் புகாருக்கு வலு குறைவு.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் "அங்கேதான் எல்லாம் இலவசமாச்சே, அட்டை எதுக்கு?" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கேயும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மூட்டு மாற்றுக் கருவி, ஸ்டென்ட் போன்றவற்றுக்குக் காப்பீட்டு நிதி பயன்படுகிறது, அந்தப் பணம் அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேர்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ 70 வயது அட்டையோ தினசரி மாத்திரைக்குப் பணம் தராது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆயுஷ்மான் திட்டத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பிறகு 15 நாளும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் உண்டு, அவ்வளவுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும், முகாமிலேயே அந்தப் பெயர்களையும் எழுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆள் கூலி, டயாப்பர், வாடகைக் கட்டில் இவற்றுக்கு எந்த அட்டையும் உதவாது. படுத்த படுக்கையாக இருப்பவர் உள்ள குடும்பத்தின் பெரிய செலவே அதுதான், பொய்யான நம்பிக்கை தந்துவிடக் கூடாது.

இனி உங்கள் அடுத்த முகாமுக்கு. பதிவு மேசைக்கு முன்னால் ஒரு கேள்வி மேசை போடுங்கள். அங்கே கணினி வேண்டாம், பொறுமையாகப் பேசத் தெரிந்த இருவர் போதும், ஒருவர் ஓய்வூதியர் சங்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. எங்கே வேலை பார்த்தார், ஓய்வூதியச் சீட்டில் என்ன பிடித்தம், யார் ரேஷன் அட்டையில் பெயர், ஆதாரில் என்ன வயது, துணைக்கு என்ன வயது என்ற ஐந்தும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்ட பிறகே அவர் பதிவு மேசைக்குப் போகட்டும். சீட்டில் சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ்., ரயில்வே, துறைமுகம் என்று இருந்தால் அன்று பதிய வேண்டாம், வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். ஆதார் நகல்களைச் சங்கத்தில் சேர்த்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி.யை அவரே அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், பிறகு போன் செய்து கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். அட்டைக்கு யாரும் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

முகாம் முடிந்த மாலை, எத்தனை அட்டை போட்டோம் என்ற கணக்கோடு, பதியாமல் திரும்பியவர்கள் பட்டியலையும் எடுங்கள். பெயருக்கு நேரே காரணம்: ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, ஆதாரில் வயது தவறு, வருமானச் சான்று இல்லை, ஆலைச் சான்று இல்லை. அதற்கு நேரே யார் கூடப் போவது, எந்த அலுவலகத்துக்கு, என்றைக்கு. அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம் அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டியது நாம்தான்.

அன்புடன்,
வட சென்னையில் முதியோர் காப்பீட்டு விண்ணப்பங்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்